ஏழாம் இடத்துக் குரல்

9

உடை மாற்றும் அறைக்கு வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தார்கள்.

அண்ணி அதை நீக்கிக் கதவைத் திறந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மதியம் டிவி பாட்டுப் போட்டி மேடையில் பாடியபோது போட்டிருந்த ஜிகினா வைத்த நீலக் கோட்டு இன்னும் உடம்பில் இருந்தது. அறையின் நான்கு சுவரிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவனை அவனே பார்த்தாக வேண்டும். அதனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் அனுப்பல மேடம்," என்றான், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

அண்ணி எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். துப்பறியும் தொழிலில் இத்தனை வருடத்தில் அவள் கேட்ட கேள்விகளைவிடக் கேட்காமல் விட்டவைதான் அதிகம் பேசவைத்திருக்கின்றன. அவளுக்கும் சேர்த்துப் பேச ஒரு ஆள் இருந்தான். கணவனின் தம்பி. வயது நாற்பதைத் தாண்டிவிட்டாலும் வீட்டில் அவன் சின்னவன்தான். அவன் போகிற இடமெல்லாம் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வழக்குக் கொண்டுவருகிறவர்களுக்கும் அவள் அண்ணியாகிப் போயிருந்தாள்.

"போன் உன்னுதுதானேப்பா?" என்றான் சின்னவன்.

"ஆமா சார். ஷூக்குள்ள வச்சிருந்தேன்."

"ஷூக்குள்ள வச்ச போனை எடுத்து மூக்குப் பக்கத்துல வச்சுப் பேசுவியா? தைரியசாலிதான்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "கேட்ல எல்லார் போனையும் வாங்கி வச்சுக்குறாங்க. நான் குடுக்கல. குடுக்க முடியாது சார். எங்க கம்பெனி பார்க்குற கட்டடத்துல எல்லாம் லிஃப்டுக்குள்ள என் நம்பரைத்தான் ஒட்டியிருக்காங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா எடுக்காம இருக்க முடியுமா? வேற ஆள் போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருக்கணும். பயந்துட்டாங்கன்னா மூச்சு முட்டும்."

"என்ன பேசுவே?"

"பேச என்ன இருக்கு? பாடுவேன்."

"அப்ப இங்க வந்து நீ புதுசா ஒண்ணும் கஷ்டப்படல. எழுந்து போக முடியாத ஆடியன்ஸ் உனக்குப் பழக்கம்தான்."

அண்ணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிகளுக்குள் நிறைய மெக்கானிக்குகள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"பாட்டு போனா போவுது மேடம். திருடன்னு டிவில சொல்லிட்டா, அப்புறம் எந்தக் கட்டடத்துலயும் என்னை உள்ள விட மாட்டாங்க. ஆள் இல்லாத நேரத்துல மிஷின் ரூம் சாவியை என் கையில குடுக்குறாங்க. எதை நம்பிக் குடுப்பாங்க இனிமே?"

அண்ணி எழுந்தாள். வெளியே வந்ததும் காவலுக்கு நின்றவன் மறுபடியும் தாழ்ப்பாள் போட்டான். அந்தச் சத்தம் உள்ளே எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

நடைபாதையில் புரொட்யூசர் காத்திருந்தார். அந்தக் கட்டடத்தில் ஜன்னல்கள் கிடையாது. வெளியே வெயிலா, இருட்டிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆண்கள் சுற்றின் ஏழு பாட்டும் மதியமே பதிவாகிவிட்டன. முடிவு மட்டும் சாயங்காலம் நேரலையில். அதுவரை பாடினவர்கள், நடுவர்கள், கைதட்ட வந்தவர்கள் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. முடிவு வெளியே கசிவதைக் கண்டுபிடிக்க அவர் வரவழைத்திருந்த அண்ணிக்கும் சின்னவனுக்கும் அதே சட்டம்தான்.

"என்ன மேடம், ஒத்துக்கிட்டானா?"

"இல்லை."

"ஒத்துக்காட்டி என்ன. நிகழ்ச்சி ஆரம்பிச்சதும் முதல் வேலை, அவனை மேடைக்குக் கூப்பிட்டு நீக்குறதுதான். ஸ்கிரிப்ட் எழுதியாச்சு." அவர் தன் போனை நீட்டினார். "மூணாவது வாரமா இதே அக்கிரமம். இன்டர்நெட்ல பேர் இல்லாத ஒரு பக்கம். நாங்க முடிவு சொல்றதுக்கு முன்னாடியே வரிசையைப் போட்டுடுறாங்க. மூணு வாரமும் தலைமை நடுவர் எழுதிக் குடுத்த வரிசையோட அச்சு அசலா ஒத்துப்போகுது. அவர் மார்க்குக்கு இரட்டை மதிப்பு. மூணு வாரமும் முதல் இடம் யாருக்கு? இந்த லிஃப்ட்காரனுக்கு. இன்னிக்கு ஒளிச்சு வச்ச போனோட மாட்டினதும் இவன்தான். இன்னும் என்ன வேணும்?"

அண்ணி படித்தாள். சின்னவன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தான்.

"முதலாவது, லிஃப்ட் மெக்கானிக். மூச்சு எங்கே வாங்கினான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு, உடற்பயிற்சி மாஸ்டர். இன்றைக்குத்தான் உடம்பை மறந்துவிட்டுப் பாடினார். மூன்று, முடிதிருத்துகிறவர். வேண்டாததை எல்லாம் வெட்டிவிட்டார், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நாலு, கல்லூரி மாணவன். நடுவர்களைப் பார்த்துப் பாடினான், பாட்டைப் பார்க்கவில்லை. அஞ்சு, காசாளர். ஒவ்வொரு சுரத்தையும் எண்ணிக் கொடுத்தார், ஒன்றுகூடக் கூடுதலாகத் தரவில்லை. ஆறு, வக்கீல். நன்றாக வாதாடினார், சுருதிதான் எதிர்த்தரப்பு. ஏழு, நர்ஸ். இரண்டாவது சரணத்தில் குரலையே காணோம்." அவன் நிமிர்ந்தான். "எழுதின ஆளுக்கு என்னைவிட வாய் நீளம் அண்ணி. இருந்தாலும் ஏழாவது சரிதான். அந்த நர்ஸ் தம்பி ரெண்டாவது சரணத்துல வாயை மட்டும்தான் அசைச்சான். பாவமா இருந்துச்சு."

"இல்லையே," என்றாள் அண்ணி.

"என்ன இல்லையே? ஹால்ல உட்காந்து கேட்டவன் நான். வலது பக்கம், மூணாவது வரிசை. கைதட்டுற காட்சியை எல்லாம் பாட்டுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க, காலி மேடையைப் பார்த்துக் கண் கலங்கச் சொன்னாங்க. அத்தனை அவமானத்தையும் தாங்கிக்கிட்டு உட்காந்து கேட்டிருக்கேன்."

"நானும் கேட்டேன். மேல சவுண்ட் கன்சோல் ரூம்ல. இன்னிக்குப் பாடினதுலயே அதுதான் நல்ல சரணம்."

அவள் சுவரில் ஓடிய ஒரு கேபிள் கட்டைப் பார்த்தபடி நின்றாள். புரொட்யூசர் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். மூன்றாவது தடவை பார்ப்பதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மேடம், எங்க போறீங்க?"

"மேல போறாங்க சார்," என்றான் சின்னவன். "அண்ணி பேசாம நடந்தா யாருக்கோ கஷ்டகாலம். அது நீங்களா நானாங்கிறது போனாத்தான் தெரியும்."

கன்சோல் அறையில் சவுண்ட்காரர் தனியாக உட்கார்ந்து முடிவு நிகழ்ச்சிக்கான மைக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் பாடியபோது என்ன நடந்தது என்று அண்ணி கேட்டதும் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார்.

"வலது பக்கப் பெரிய ஸ்பீக்கர் செத்துப்போச்சுக்கா. ஒரு சரணம் பூரா. எவனோ ஒயரை மிதிச்சுட்டான். டிவிக்குப் போற சவுண்டுக்கு ஒண்ணும் ஆகல, அதனால புரொட்யூசர்கிட்ட சொல்லல. சொன்னா அவர் என் சம்பளத்தை மிதிப்பார்."

"ஹால்ல வலது பக்கம் இருந்தவங்களுக்குக் கேட்டிருக்காது."

"மியூசிக் லேசா கேட்டிருக்கும். குரல் கேட்டிருக்காது."

"நடுவர்களுக்கு?"

"அவங்க காதுல இயர்ஃபோன் இருக்குல்ல. இங்கேர்ந்து நேரா போகுது. அட்சரம் பிசகாம கேட்டிருக்கும். அதான் மத்த ரெண்டு நடுவர்ல ஒருத்தர் நர்ஸை முதல்லயும் இன்னொருத்தர் ரெண்டாவதாவும் வச்சிருக்காங்க. முடிவு ஸ்கிரிப்ட் எனக்கும் ஒண்ணு வந்திருக்கு."

அண்ணி ஒரு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "சின்னவரே. ஸ்கூல்ல காப்பி அடிச்சிருக்கீங்களா?"

"இதென்ன அண்ணி, சொந்தக்காரங்க மத்தியில கேக்குற கேள்வியா?"

"எப்படி மாட்டினீங்க?"

"சரியா எழுதினதுக்கு யாரும் புடிக்கல. பக்கத்து பெஞ்சுக்காரன் ஒரு தப்பு பண்ணியிருந்தான். அதையும் விடாம எழுதி வச்சிருந்தேன். வாத்தியார் அந்தத் தப்பைத்தான்…" சின்னவன் நிறுத்தினான். அவன் முகம் மாறியது. "அடப்பாவி. தலைமை நடுவர் நர்ஸைக் கடைசில வச்சிருக்கார். அவர் காதுல பாட்டு சுத்தமா கேட்டிருக்கு. அப்புறம் எதுக்குக் கடைசி?"

"அந்தத் தப்பை வலது பக்கம் இருந்த ஒருத்தர்தான் பண்ண முடியும். அவங்க பண்ணின தப்பு இவர் வரிசையில இருக்கு. நாம இத்தனை நேரமும் உள்ளேர்ந்து வெளிய போச்சுன்னு தேடிக்கிட்டிருந்தோம்."

"வெளியேர்ந்து உள்ள வந்திருக்கு."

அறையில் சிறிய விளக்குகள் மட்டும் பச்சையும் சிவப்புமாக மினுங்கின. சவுண்ட்காரர் அவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"ஒரு விஷயம்க்கா. இயர்ஃபோனுக்கு இடுப்புல ஒரு பெட்டி மாட்டுவோம். மத்த ரெண்டு நடுவரும் சவுண்ட் பத்தல, ஜாஸ்தியா இருக்கு, இரையுதுன்னு உயிரை எடுப்பாங்க. பெரியவர் ஒரு நாள்கூட குறை சொன்னதில்ல. அவங்க பெட்டில பேட்டரி தீர்ந்துபோய் வரும். இவர் பெட்டில மாட்டினப்ப இருந்த மாதிரியே வரும். பெரிய மனுஷன், கரண்டைக்கூட மிச்சம் புடிக்கிறார்னு நினைச்சேன்."

சின்னவன் அண்ணியைப் பார்த்தான்.

"நடுவர் மேஜையைக் காட்டுற கேமரா பதிவு வேணும்," என்றாள் அண்ணி. "பாட்டு வேண்டாம். ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் வர்ற இடைவெளி."

திரையில் தலைமை நடுவர் வந்தார். வழுக்கைத் தலை, அகலமான நெற்றி, அசையாத முகம். யார் பாடினாலும் "நல்லது. இன்னும் உழைக்கணும்" என்று மட்டும் சொல்லுவார். அந்தச் சிக்கனத்துக்காகவே நாடு அவரைக் கும்பிட்டது. பாட்டு முடிகிறது. விளக்குச் சூட்டில் வேர்த்த முகத்தைத் துடைக்க டச்சப் அக்கா வருகிறாள். சாம்பல் நிறப் புடவை, கையில் பவுடர் டப்பா. குனிந்து ஒத்துகிறாள், போகிறாள்.

"இது யார்?"

"அவரோட சொந்தத் தங்கச்சி. அவர் எங்க போனாலும் டச்சப் அவங்கதான். வேற யாரையும் முகத்துல கை வைக்க விட மாட்டார்."

"பாட்டு நடக்கும்போது எங்க நிப்பாங்க?"

"வலது பக்கம். ஸ்பீக்கருக்குக் கீழ." சொல்லிவிட்டுச் சவுண்ட்காரர் தானாகவே எச்சில் விழுங்கினார்.

வக்கீல் பாடி முடித்தார். பஞ்சு மேலுதட்டில் ஒத்தியது. காசாளருக்குக் கன்னத்தில். மாணவனுக்குக் கண்ணுக்குக் கீழே. சின்னவன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

"முடிவெட்டுறவருக்குப் புருவம். மாஸ்டருக்கு நெத்தி. ஏறிக்கிட்டே போகுது அண்ணி. முகமா, மார்க் ஷீட்டா?" மெக்கானிக் பாடி முடித்தான். டச்சப் அக்கா எட்டி, வழுக்கையின் உச்சியில் ஒத்தினாள். "அதுக்கு மேல போக இடம் இல்ல. ஆண்டவன் முடியைப் புடுங்கினதே இந்தப் பையனுக்கு இடம் வேணும்னுதான்."

கடைசியாக நர்ஸ் பாடினான். சவுண்ட்காரர் ஒலியைக் கொஞ்சம் ஏற்றினார். இரண்டாவது சரணத்தில் அந்தக் குரல் மெல்லத் தாழ்ந்து, தாழ்ந்த இடத்திலேயே நின்று, யாரையோ எழுப்பிவிடாமல் கதவைச் சாத்துவதுபோல முடிந்தது. திரையில் டச்சப் அக்கா வந்தாள். குனிந்தாள். பஞ்சைத் தாடைக்கு அடியில் வைத்து ஒத்தினாள்.

"ஒரு பாட்டை இதைவிடக் கீழ இறக்க முடியாது," என்றான் சின்னவன். அவன் குரலில் கேலி இல்லை.

ஒப்பனை அறையில் அவள் தனியாக இருந்தாள். பஞ்சுகளை வரிசையாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. அண்ணி உள்ளே போய், அண்ணன்காரர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தாள்.

சின்னவன் கதவோரம் நின்றான். இந்த மாதிரிச் சமயங்களில் அவனுக்கு இருமல் வரும். இன்றைக்கு அதையும் அடக்கிக்கொண்டான்.

டச்சப் அக்காவின் கை ஒரு பஞ்சின் மேல் நின்றது.

"போன் பவுடர் டப்பாக்குள்ள இருக்கு," என்றாள். "அதை யாரும் திறந்து பார்க்க மாட்டாங்க. எடுத்துக்குங்க."

"எப்பேர்ந்து அவருக்குக் கேக்கல?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. பேச்சு வாயைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். பாட்டுதான் தகரத்தைத் தரையில இழுக்குற மாதிரி இருக்காம். அதனால இயர்ஃபோனை ஆஃப் பண்ணிடுவார்." அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்ணா, விட்டுடலாம்னு சொல்லிப் பார்த்துட்டேன். விட்டா நான் யாருன்னு கேட்டார். அதுக்கு எனக்குப் பதில் தெரியல."

"நீங்க நிறுத்தியிருக்கலாமே?"

"நிறுத்தினா அவர் கண்ணை மூடிக்கிட்டு எதையாவது எழுதுவார். ஏதோ ஒரு புள்ளை காரணமே இல்லாம வீட்டுக்குப் போகும். அதுக்கு நான் சொல்றது பரவாயில்லைன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்குக் காது நல்ல காது."

"அப்புறம் ஏன் வெளிய போட்டீங்க?"

அவள் கண்ணாடியில் அண்ணியை நேராகப் பார்த்தாள். "மாட்டிக்கத்தான்."

சின்னவன் கதவிலிருந்து நிமிர்ந்தான்.

"அவர் எழுதுறதுக்கு முன்னாடியே அதே வரிசை வெளிய வந்துட்டா யாராவது சந்தேகப்பட்டு வருவாங்க, அவர்கிட்ட நேராக் கேப்பாங்கன்னு நினைச்சேன். என் வாயால என் அண்ணனைக் காட்டிக்குடுக்க முடியல. முத வாரம் யாரும் வரல. ரெண்டாவது வாரமும் வரல. இன்னிக்கு வந்தாங்க. வந்து அந்த லிஃப்ட் தம்பியைப் புடிச்சு அடைச்சுட்டாங்க. யாருக்கும் அண்ணன் பக்கம் திரும்பிப் பார்க்கவே தோணல."

"எங்களுக்குத் தோணினது நர்ஸாலதான்," என்றாள் அண்ணி.

"அந்தப் பையன் சரியாப் பாடல."

"பாடினார்."

"இல்லைங்க. ரெண்டாவது சரணத்துல நான் நல்லா கவனிச்சேன். குரலே வரல."

அண்ணி கன்சோல் அறையிலிருந்து கொண்டுவந்திருந்த ஹெட்ஃபோனை அவளிடம் நீட்டினாள். கூடவே வந்திருந்த சின்ன ரெக்கார்டரைத் தட்டினாள்.

டச்சப் அக்கா நின்றபடியே கேட்டாள். முதல் சரணம் முழுக்க அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது சரணம் வந்ததும் காதை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். பாட்டு முடிந்த பிறகும் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. பிறகு உட்கார இடம் தேடுகிறவள்போலச் சுற்றிலும் பார்த்தாள். சின்னவன் ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான்.

"இவனையா கடைசில வச்சேன்," என்றாள்.

"ஸ்பீக்கர் கெட்டுப்போச்சுக்கா. நானும் அதே பக்கம்தான் உட்காந்திருந்தேன், எனக்கும் கேக்கல," என்றான் சின்னவன்.

"உங்களுக்குக் கேக்காட்டி ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க மார்க் போடல."

அவள் பவுடர் டப்பாவை மூடினாள். எழுந்து, நடைபாதையின் கோடியில் நடுவர்களை உட்காரவைத்திருந்த கண்ணாடி அறைக்குப் போனாள். அண்ணியும் சின்னவனும் வெளியிலேயே நின்றார்கள். உள்ளே தலைமை நடுவர் தனியாக ஒரு சோபாவில் இருந்தார். தங்கை எதிரே மண்டியிட்டு, அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பேசினாள். கண்ணாடி வழியாக வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். தங்கை உடனே பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறந்தால்தான் மீதியைச் சொல்ல முடியும்.

அவர் திறக்கவில்லை.

"அண்ணி," என்றான் சின்னவன் மெதுவாக, "இவருக்குக் கண்ணை மூடிக்கிட்டா போதும். உலகமே வெளிய."

"உள்ளயும் அவர்தான் இருக்கார்," என்றாள் அண்ணி.

புரொட்யூசரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் திடுக்கிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு மேஜை விளிம்பில் உட்கார்ந்தார்.

"நல்ல வேலை பண்ணினீங்க மேடம். இதோட மறந்துடுங்க. காது கேக்காத நடுவர்னு வெளிய தெரிஞ்சா நிகழ்ச்சியே இல்ல. இங்க வேலை செய்யுற அத்தனை பேரும் தெருவுல. லிஃப்ட்காரன் போனா ஒருத்தன்தான் போவான்."

"அவன் எதுவும் பண்ணலையே சார்," என்றான் சின்னவன்.

"போன் ஒளிச்சு வச்சான்ல? விதியை மீறினான்ல? அது போதும். பாடினவங்க வரிசையில அவன் பேரைக் கடைசியிலகூடச் சொல்ல மாட்டோம். இல்லாமலே பண்ணிடுவோம்." அவர் எழுந்தார். "நீங்களும் உள்ள வரும்போது கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இங்க கண்டதை வெளிய சொல்லக் கூடாது. ஞாபகம் இருக்கட்டும்."

அவர் போன பிறகு சின்னவன் சுவரில் சாய்ந்தான். "கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் இப்படி முழிக்கிறது இதுதான் முதல் தடவை. கதவும் பூட்டு, வாயும் பூட்டு. இப்ப என்ன பண்றது அண்ணி?"

"காத்திருக்கலாம்."

"யாருக்கு?"

அவள் கண்ணாடி அறை இருந்த திக்கைப் பார்த்தாள்.

நேரலை தொடங்கியது. அண்ணியும் சின்னவனும் கன்சோல் அறையில் சவுண்ட்காரருக்குப் பின்னால் நின்றார்கள். புரொட்யூசர் முன்னால் இருந்தார். திரையில் ஏழு ஆண்களும் மேடையில் வரிசையாக நின்றார்கள். மெக்கானிக்குக்குப் பக்கத்தில் சீருடைக்காரன் ஒருவன். அவன் ஏன் நிற்கிறான் என்று மற்ற ஆறு பேருக்கும் தெரியவில்லை. ஆனால் கொஞ்சம் விலகி நின்றார்கள்.

தொகுப்பாளினி சிரித்தபடி அறிவித்தாள். "இன்றைய முடிவுக்கு முன்பு ஒரு வருத்தமான செய்தி. அதைச் சொல்லத் தலைமை நடுவர் ஐயா மேடைக்கு வர வேண்டும்."

அவர் எழுந்தார். டச்சப் அக்கா வலது பக்கத்தில், அதே இடத்தில், வெறுங்கையோடு நின்றிருந்தாள். விளக்குச் சூட்டில் அவர் முகம் பளபளவென்று வேர்த்திருந்தது. யாரும் துடைக்க வரவில்லை. தொகுப்பாளினி நீட்டிய அட்டையை அவர் வாங்கினார், படித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எனக்குக் காது கேக்கறதில்லை," என்றார். குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது. தன் குரலையே கேட்காதவரின் குரல்.

புரொட்யூசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நடுவர்களோடு பேசும் மைக்கைப் பிடித்து இழுத்தார். "ஐயா, வேண்டாம். இறங்குங்க. ஐயா, நான் சொல்றது கேக்குதா?"

"அவர் பெட்டி ஆஃப்ல இருக்கு சார்," என்றார் சவுண்ட்காரர் பணிவாக.

"விளம்பரத்தைப் போடு. கட் பண்ணு."

அதற்குள் மேஜைமேல் இருந்த சிவப்பு போன் அடித்தது. புரொட்யூசர் எடுத்தார். எதிர்முனையில் சேனல் முதலாளி. அவர் பேசியது ஒரே வாக்கியம்தான், அறைக்கே கேட்டது. "எவனாவது கட் பண்ணினா வேலை போயிடும், இதைத்தான் இப்ப எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க."

புரொட்யூசர் போனை வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா நான் ஒரு பாட்டும் கேக்கல," திரையில் தலைமை நடுவர் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் போட்ட மார்க்கெல்லாம் என் தங்கச்சி போட்டது. வெளிய வந்த வரிசையும் அவ எழுதினதுதான். அவளைப் பார்த்து எழுதினவன் நான். இந்த லிஃப்ட் தம்பி யாருக்கும் எதுவும் அனுப்பல. இவனைத் திருடன்னு சொல்லச் சொல்லி அட்டையில எழுதியிருக்கு. நான் சொல்ல மாட்டேன். என் மார்க்கை எடுத்துடுங்க. கேட்டவங்க போட்டது மட்டும் இருக்கட்டும்."

அவர் நின்றார். அரங்கத்தில் சத்தம் ஏதாவது வந்ததா என்று அவருக்குத் தெரியாது. அதனால் தங்கையைப் பார்த்தார். அவள் ஒன்றும் காட்டவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

மீதி இரண்டு நடுவர்களின் மார்க்கை மட்டும் வைத்து வரிசையை மாற்றினார்கள். நர்ஸ் முதல் இடத்துக்கு வந்தான். தன் பெயரைக் கூப்பிட்டதும் அவன் பின்னால் திரும்பி வேறு யாரையோ தேடினான். அந்த இருவரும் லிஃப்ட் மெக்கானிக்கை ஒரு வாரமும் மேலே வைத்ததில்லை. அவன் ஆறாவது. வக்கீல் ஏழாவது. கடைசி இரண்டு பேர் வெளியேற வேண்டும் என்பது விதி.

கேட்டில் காவலாளி மெக்கானிக்கை நிறுத்தினான். "கோட்டு கம்பெனியுது."

அவன் கழற்றிக் கொடுத்தான். உள்ளே கட்டம் போட்ட பழைய சட்டை. காவலாளி அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். கொடுக்கும்போது "தப்பா நினைச்சுட்டோம் தம்பி" என்று முணுமுணுத்தான்.

அண்ணியும் சின்னவனும் அங்கே வந்திருந்தார்கள். மெக்கானிக் அவர்களைப் பார்த்து நின்றான்.

"ஆறாவது மேடம்," என்றான்.

"கேட்டேன்."

"பரவாயில்ல. அது நான் பாடினதுக்குப் போட்டது." அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கைகூப்பினான். காவலாளி பெரிய கேட்டில் இருந்த சின்னக் கதவைத் திறந்தான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அது அண்ணிக்கு ஆச்சரியமாக இருந்தது.

சின்னவன் அவன் பின்னாலேயே காலை வெளியே வைத்தான். காவலாளி குறுக்கே கை நீட்டினான்.

"தோத்தவங்க மட்டும்தான் சார் இப்ப போகலாம். மத்தவங்க நிகழ்ச்சி முடிஞ்சப்புறம்."

"ஏன்யா, கேஸை ஜெயிச்சவங்க நாங்க."

"அதான் சார் சொல்றேன்."

கதவு சாத்திக்கொண்டது. சின்னவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்தான். அவள் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக் கைகளை வீசிக்கொண்டு மற்றவர்களோடு மற்றவனாக நடந்துகொண்டிருந்தான். எதிரே வந்தவர்கள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.